பயனாளிக்குப் பழைய சேலை

எனக்குத் தையல் மெஷின் கொடுத்தது தென்காசியில் இருக்கும் ஒரு பெண்கள் சேவைச் சங்கம். வீட்டுக்காரர் தவறிப்போய், கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரிய மகளோடு அச்சன்புதூரில் அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடந்த நேரம் அது. அந்த மெஷினை வைத்துத்தான் எழுந்து நின்றேன். இன்றைக்குத் தென்காசியில் சொந்தக் கடை, இரண்டு பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். இதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் ஒரு மெஷினுக்கு எத்தனை தடவை நன்றி சொல்வது? அதைத்தான் யாரிடமும் கேட்க முடியவில்லை.

சங்கத்தின் உதவி வழங்கும் விழா வருஷா வருஷம் குற்றாலத்தில், சாரல் காலத்தில் நடக்கும். வெளியூர் விருந்தினர்கள் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மண்டபத்துக்கு வருவார்கள். மேடையில் புதுப் பயனாளிகளோடு நானும் நிற்க வேண்டும், பழைய பயனாளியாக. மைக்கைப் பிடித்து, "இவங்க இல்லேன்னா நான் இல்ல" என்று சொல்ல வேண்டும். கண் கலங்கினால் இன்னும் நல்லது. முதல் இரண்டு வருஷம் தானாகக் கலங்கியது. அப்புறம் நானே கலங்க வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். தலைவி மேடம் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா போட்டோவுல யாரு மெம்பர், யாரு பயனாளின்னு தெரியாதுல்லா. பழசா ஒண்ணு கட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். அதிலிருந்து, வெளிறிப்போன நீலச் சேலை ஒன்றை இந்த விழாவுக்கென்றே பீரோவில் வைத்திருந்தேன். கோபம் வராமலா இருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சங்கத்து அம்மாமார் அத்தனை பேருக்கும் ரவிக்கை தைக்கிறவள் நான். அவர்கள் முகம் கோணினால் என் கடையில் பாதி வேலை இருக்காது.

மகளுக்கு வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் போலீஸ். அவன் அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். பெண் பார்க்க வந்தபோது அந்த அம்மா என் பழைய மெஷின் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மெஷின் பலகையில் காம்பஸ் முனையால் கீறிய பூ ஒன்றைத் தடவிப் பார்த்து, "இது யாரு வேலை?" என்று கேட்டார். மகள் வெட்கப்பட்டு, மூன்றாம் வகுப்பில் தான் கீறியது என்றாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி. தையல் கடை வைத்திருக்கிறேன் என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருந்தோம், அது பொய்யில்லை.

அந்த வருஷ விழா அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. பக்கத்து ஊர்ச் சங்கத்திலிருந்து வரும் சிறப்பு விருந்தினரின் போட்டோவைப் பார்த்தேன். பையனின் அம்மா. போனை மகளிடம் நீட்டினேன்.

"இந்த வருஷம் போவாதம்மா. காய்ச்சல்னு சொல்லிரு" என்றாள் மகள். அவள் குரலே சரியில்லை. அவளுக்கு அந்தப் பையனை அவ்வளவு பிடித்திருந்தது.

தலைவிக்குப் போன் போட்டேன். "மேடம், உடம்புக்கு முடியல."

"மாத்திரையப் போட்டுட்டு வந்திரு. புது மெஷின் இன்னும் வந்து சேரல. உன் மெஷினத்தான் மேடையில வைக்கப்போறோம். காலையில வண்டி அனுப்புதேன், ஏத்தி விட்டிரு."

"என் மெஷினா மேடம்?"

"நாமதான கொடுத்தோம்" என்றார்.

சரி மேடம் என்றேன். போனை வைத்த பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சுவர்தான் கேட்டது.

நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மேடை நடுவில் என் மெஷின் ஊதா ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. மெஷினை வாங்க வேண்டிய புதுப் பெண் வந்த பஸ் சீசன் கூட்டத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. விருந்தினர் கிளம்ப வேண்டுமே என்று தலைவிக்கு அவசரம். "நீயே வந்து வாங்கிக்கோ. போட்டோவுக்குத்தான" என்றார். கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் போவேன்? போய் நின்றேன். பையனின் அம்மா என் மெஷினையே எனக்குத் தானமாகக் கொடுத்தார். கொடுக்கும்போது பலகையில் இருந்த பூவைப் பார்த்தார், பிறகு என் சேலையை, பிறகு என் முகத்தை. போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம்.

சாப்பாட்டுப் பந்தியில் பையனின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"மதினி" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது. சம்பந்தம் முறியவில்லை.

"எனக்கு இதுல ஒண்ணும் இல்ல மதினி. ஆனா பையனோட அப்பா வழி ஆளுக ஒரு மாதிரி. நாளைக்கு இந்தப் போட்டோவ எல்லாரும் பாப்பாங்க. நீங்க சங்கத்துல மெம்பரா சேந்திருங்க. மெம்பர்னா மேடையில நிக்கத்தான செய்வாங்கன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? மறுநாளே தலைவி வீட்டு வாசலில் போய் நின்று, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவருக்கு வாயெல்லாம் பல். "நம்ம பயனாளி நம்ம மெம்பர்! இத நீ எல்லா மீட்டிங்லயும் சொல்லணும்" என்றார். இந்த விழாவோடு முழுக்குப் போட்டுவிடலாம் என்று இருந்தவள் நான். இப்போது மாசம் ஒரு மீட்டிங், சீருடைச் சேலை. வெளியேறலாம் என்றால் சம்பந்தி வாராவாரம் போனில் விசாரிக்கிறார், "சங்கத்துக்குப் போறீங்கள்லா மதினி?"

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த சாரலுக்கு மகள் தலை ஆடிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த வருஷப் பயனாளிகளுக்குப் போன் போட்டு விவரம் சொல்லும் வேலையைத் தலைவி எனக்குக் கொடுத்திருந்தார். அனுபவம் உள்ளவளாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து என் சீருடைச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் வாங்கப்போகும் பெண் ஒருத்தி, குரலிலேயே சின்ன வயசு என்று தெரிந்தது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் தயங்கினாள். "அக்கா, என் கல்யாணப் பட்டு இருக்கு. அதக் கட்டிட்டு வரட்டுமா?"

மகளின் ஊசி நின்றது. கட்டிட்டு வாம்மா என்றுதான் சொல்ல நினைத்தேன், சத்தியமாக. தலைவியின் முகம் வந்தது. முன்வரிசையில் சம்பந்தி உட்கார்ந்திருப்பது வந்தது. அந்த மேடையில் யார் மெம்பர், யார் பயனாளி என்று இந்தத் தடவை தெரிய வேண்டியது எனக்குத்தான்.

"வேண்டாம்மா" என்றேன். "பழசா ஒண்ணு கட்டிட்டு வா. போட்டோவுக்கு அதான் நல்லாருக்கும்."

போனை வைத்தேன். மகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்த நீலச் சேல பீரோவுலதான இருக்கு" என்றாள். "அவளுக்குக் கொடுத்து விட்டிரும்மா."