சாயாவில் கலந்தது

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், முப்பத்திரண்டு வயதிலும் எங்கள் அப்பாவைப் பெற்ற ஆச்சியோடுதான் இருந்தான். துபாயில் வேலை பார்த்தவன் ஒரு விடுமுறைக்கு வந்து, திரும்பிப் போகவில்லை. பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர்கள் இருவர் மட்டும். கல்யாணப் பேச்சை எடுத்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான். தெருவில் அவனுக்கு ‘ஆச்சி பிள்ளை’ என்று பெயர்.

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது என்னை நாகர்கோவிலுக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போனான். படத்தின் கதாநாயகனும் தடிமாடு மாதிரி வளர்ந்தபிறகும் பாட்டி வீட்டில் கிடப்பவன். ஏப்பமும் குசுவும்தான் பாதி வசனம். கூட்டாளிகளோடு கூத்தடிப்பதற்காக, பாட்டியின் பாலில் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலக்கினான். பாட்டி சோபாவிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கோழியிறகை வைத்துப் பார்த்தார்கள். தியேட்டரே உருண்டு சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவன் அண்ணன். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்தப் பாட்டி எழுந்தாளா என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஆச்சி வீட்டுக்குப் போனவள், அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் எனக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வெள்ளையாக எதையோ நசுக்கினான். பொடியைச் சாயாவில் தட்டிக் கலக்கினான். விரலைக் கைலியில் துடைத்தான். சர்க்கரையாக இருந்தால் நக்கியிருப்பானே என்று நினைத்தேன். வாசலைச் சுற்றி உள்ளே ஓடினேன். அவன் தம்ளரை ஆச்சி கையில் கொடுத்தபிறகுதான் குரல் வந்தது.

“ஆச்சி, குடிக்காத! அண்ணன் அதுல வெசம் போட்டிருக்கான்!”

ஆச்சி தம்ளரைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். மூன்று வயதில் தாயில்லாமல் போனவனைச் சோறூட்டி வளர்த்தவள், “ஆருல நீ? எனக்க வீட்டுக்குள்ள எதுக்குல வந்த?” என்று கேட்டாள்.

அவன் முகம் வெளுத்தது. அடிக்கப்போகிறான் என்று நான் சுவரோடு ஒண்டினேன். “ஒண்ணுமில்ல ஆச்சி, பாத்துக்கோ,” என்று சாயாவை ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டான்.

என் பயம் இரட்டிப்பானது. இனி இவன் சாகப்போகிறான், அதற்கும் நான்தான் காரணம். கொஞ்ச நேரத்தில் அவன் பாயில் படுத்துத் தூங்கியும் போனான். விளக்கு வைக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தேகம் வந்தபோது மூக்கருகே விரலை வைத்தேன். கண்ணைத் திறந்தவன், “போய்ப் படிட்டி,” என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து ஆச்சி அவன் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை. நான்காம் நாள் அம்மா ஒரு கிண்ணத்தில் மட்டி வாழைப்பழத்தை மசித்து என்னிடம் தந்தாள். “தெனமும் சாயங்காலம் ஆச்சிக்கு நீதான் ஊட்டணும், கேட்டியா? ஒன் கையால குடுத்தாத் திம்பா.”

பழத்துக்குள் அதே மாத்திரை இருந்ததை அம்மா எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து. நினைவு தவறத் தொடங்கியிருந்த ஆச்சிக்கு டாக்டர் எழுதியது. முழுதாகக் கொடுத்தால் துப்பிவிடுவாள். துபாயை அவன் விட்டதும் ஆச்சியைப் பார்த்துக்கொள்ளத்தான். அப்போதே சொல்லியிருந்தால் நான் ஆச்சியிடம் உளறியிருப்பேன்.

நான் ஊட்டும்போதெல்லாம் அண்ணன் ஆச்சியின் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் நின்று, கடைசி வாய் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். என்னைக் கண்டு பயந்து ஒளிகிறான் என்றே நினைத்தேன். நன்றாகப் பயப்படட்டும் என்று, கதவுப் பக்கம் ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் அடுத்த வாய் ஊட்டுவேன்.