பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலின் புக்கிங் ஆபீசில் அப்போது வேலை பார்த்தேன். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூ போட்டு, கற்பூரம் காட்டி முடித்திருந்தோம்.

"அக்கா, பூஜைக்கு முன்னாடி ஒரு வாழ்த்து மெயில் தொறந்தேன். இப்ப அதுவா எல்லாருக்கும் மெயில் அனுப்பிகினு கீது!" என்று பக்கத்து சீட் செல்வி அலறினாள்.

வைரஸ். நெட்வொர்க் வயரைப் பிடுங்க ஓடினேன். மேனேஜர் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாம்மா பண்ற? பூஜைல வச்சத இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள எல்லா மெஷினும் பூடும் சார்!"

அவர் நகரவில்லை. அவரை இடித்துக்கொண்டு போய் வயரைப் பிடுங்கினேன். குங்குமத் தட்டு கவிழ்ந்தது. "அபசகுனம் புடிச்சவளே" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

மறுநாள் வந்த சர்வீஸ் இன்ஜினியர், "உடனே வயரைக் கழட்டிட்டீங்க, அதான் ஒரு மெஷினோட போச்சு" என்றார்.

மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எல்லாம் நேத்து பண்ண பூஜை சார்."

நான் தரையில் சிந்திக் கிடந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரைக்கூட மன்னித்துவிடுவேன். பேசாமல் துடைத்த என் கையை நினைத்தால்தான் ஆத்திரம் இன்றும் தாங்கவில்லை.