ஸ்தானா என்றால் நில்

எங்கள் மலையில் ஸ்தானா என்ற பெயரை யாரும் ஆசைப்பட்டு வைப்பதில்லை. பிறக்கிற பிள்ளையெல்லாம் செத்துப்போகிற வீட்டில், இதாவது தங்கட்டும் என்று வைக்கிற பெயர். நில் என்று அர்த்தம். பெயரா அது, சாவைப் பார்த்துப் போடுகிற அதட்டல்.

என் நாத்தனார் ஸ்தானாவுக்கு முன் அந்த வீட்டில் ஒரு பிள்ளையும் தங்கவில்லை. அதனால் என் மாமனார் கிர்ஸ்தோ, ஊர் வழக்கப்படி பச்சைப்பிள்ளையை நாற்சந்தியில் கிடத்திவிட்டு, நாய் நரி வந்தால் விரட்டத் துப்பாக்கியோடு கல்சுவருக்குப் பின்னால் பதுங்கினார். அந்த வழியாக முதலில் வருகிறவர்தான் ஞானத்தகப்பன். அவர் வைப்பதுதான் பெயர். ஆளை மாற்றினால் பிள்ளை பிழைக்காது.

வந்தவர், மலைச்சரிவில் எங்களுக்கு மேலே இருக்கும் மேல்வீட்டு விதாக். என் மாமனாரின் அண்ணனைச் சுட்டுக் கொன்ற குடும்பம். பழி தீர்க்கத்தான் மாமனார் அந்த வருஷம் முழுக்க அவரைக் குறிவைத்துக் காத்திருந்தார்.

விதாக் துப்பாக்கிக் குழலைப் பார்த்தார். ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "ஸ்தானா! இவ நிக்கட்டும். நம்ம ரெண்டு வீட்டுச் சாவும் இதோட நிக்கட்டும்."

மாமனார் சுடவில்லை. பிள்ளை பிழைத்தது. ஆனால், அவள் உயிரோடு இருக்கும்வரைதான் இந்தச் சமாதானம் என்று இரண்டு வீட்டாரும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்கள். அவளை யார் கேட்டார்கள்? கடற்கரையிலிருந்து ஒரு படகு தச்சன் பெண் கேட்டு வந்தான். அவளுக்கும் பிடித்திருந்தது. "நீ இறங்கிப் போனா இங்க பசங்க தலை உருளும்" என்று மாமனார் அவள் வாயை அடைத்துவிட்டார்.

"யேலா, எனக்குன்னு ஒரு தும்மல்கூட சொந்தமில்லடி" என்பாள் ஸ்தானா என்னிடம், மாவு பிசைந்துகொண்டே. "நான் தும்மினா மேல்வீட்ல துப்பாக்கிக்கு எண்ணெ போடறான்." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பனியில் பாதை மூடிவிட்டதால் டாக்டராலும் வர முடியவில்லை. விதாக்கின் மகன்கள் தினமும் வேலியோரம் வந்து நின்றார்கள். எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "இருக்காளா?" என்றுதான் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து என் மருமகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஆண் பிறந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவது எங்கள் வழக்கம். என் மகன் ராதூல், மடையன், சந்தோஷத்தில் முற்றத்தில் நின்று சுட்டுத் தள்ளினான்.

"பாவி, என்னடா பண்ணிட்ட!" என்று ஓடினேன். மேல்வீட்டுக் கதவுகள் திறந்தன. பனியில் துப்பாக்கிகளோடு ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஸ்தானா போய்விட்டாள், கீழ்வீட்டான் முந்திக்கொண்டான் என்றுதான் அவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். ராதூலும் மறுபடி தோட்டாவைப் போட்டான்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "யேலா, என்னைத் தூக்கு."

இடுப்பைப் பிடித்து முற்றத்து வேலிவரை கொண்டுபோனேன். போர்வையோடு வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவன்டா செத்தான்? எனக்குப் பேரன் பொறந்திருக்கான். துப்பாக்கிய வெச்சுட்டு, உள்ள வந்து ராக்கியாச் சாராயம் குடிச்சுட்டுப் போங்க!" முன்னால் வந்த கிழவர் விதாக் அழுதுவிட்டார். குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் குளிர் அவளைத் தின்றது. மூன்றாம் நாள் என் மடியில் போய்விட்டாள்.

சாவு வெளியே தெரியக் கூடாதென்று ஒப்பாரி வைக்கவில்லை. பாலாடைக்கட்டி வைக்கும் குளிரறையில் அவளைக் கிடத்தினோம். தினமும் விடிந்ததும் அவள் அறை அடுப்பை மூட்டுகிறேன், புகை மேல்வீட்டுக்குத் தெரிய வேண்டுமே.

இன்று காலை விதாக்கே சூடான பால் கொண்டுவந்தார். மகன்கள் வேலியோரம் நின்றார்கள். கிழவர்தான் கேட்டார்:

"இருக்காளா?"

"நிக்கிறா, பெரியவரே."

என் முகத்தையே பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் இருக்காடா! பால் குடிக்கப் போறா!" பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "பனி உருகறவரைக்கும் சமாளி. அதுக்கப்புறம் நான் இருந்தா பாத்துக்கலாம்" என்றார்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே போய் அவள் பாலை நானே குடித்தேன். பாத்திரத்தைக் கழுவி அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.