எட்டாம் நம்பர் காரும் அம்மாக்கண்ணுவின் வளைவும்

பச்சைக்கல் தோட்டத்து மேல்பிரிவில் அம்மாக்கண்ணுவிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் அதிகம் இல்லை. வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வயதில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியவள், இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறாள். கணவன் நல்லமுத்துவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. வீட்டில் பேசுகிற வேலையை மொத்தமாக அவளிடமே விட்டுவிட்டவன். பிள்ளைகள் இருவரும் கொழும்பில். தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்றுதான் பெயர், ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். எந்த நம்பர் மலையில் எந்தப் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் அம்மாக்கண்ணு யோசிக்காமல் சொல்வாள். சொன்னது சரி என்று நாம் ஒத்துக்கொள்கிறவரைக்கும் எழுந்து போகவும் விடமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி உண்டு. மெயின் ரோட்டிலிருந்து மேல்பிரிவு லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஏறுகிற மூன்று மைல் பாதை. எப்போதோ வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. தார் என்று ஒன்று அதில் இருந்ததற்கு ஓரத்தில் மட்டும் சாட்சி இருக்கிறது. வேன்காரர்கள் அடிவாரத்துப் பாலத்தோடு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார்கள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கல்யாணத்துக்கு வாங்கிய அலமாரி எல்லாம் அங்கிருந்து தலையிலும் தோளிலும்தான் ஏற வேண்டும். போன வருஷம் வேலாயிக்குப் பிரசவ வலி எடுத்தபோது நாற்காலியில் உட்காரவைத்து நான்கு ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். குடை பிடித்துக்கொண்டு கூடவே போன அம்மாக்கண்ணு, வழி நெடுகப் பாதையைத் திட்டிய திட்டில் வேலாயியே வலியை மறந்து சிரித்துவிட்டாள் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை லிந்துலைக் கடைவீதிக்கு இறங்கியவள், சரிபுதீன் நானாவின் ஸ்டூடியோ வாசலில் நின்றுவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய படம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கார் வளைவில் திரும்புகிறது. காரின் மூக்கில் வெள்ளையாக 8 என்று நம்பர் எழுதியிருக்கிறது. பின்னால் தேயிலை. அதற்கும் பின்னால் இரண்டு முடி வைத்த மலை.

"நானா, எங்க ரோட்டுப் படம் உங்க கடையில எப்படி வந்துச்சு?"

சரிபுதீன் நானாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கார் என்றால் உயிர். சொந்தமாக இருப்பதோ ஒரு சைக்கிள். அவர் விஷயத்தைச் சொன்னார். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில் துரைமார் மலையேற்றக் கார்ப் பந்தயம் விட்டிருக்கிறார்கள். அதைப் படமெடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் ஒரு பங்களாப் பெட்டியில் கிடைத்திருக்கின்றன. கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவர் பெரேரா மாத்தயா, சிங்களப் பெரியவர், அவற்றைக் கொண்டுவந்து நானாவிடம் கொடுத்துப் படமாக்கச் சொல்லியிருக்கிறார். எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால், வருகிற ஏப்ரலில் நுவரெலியா சீசனோடு சேர்த்து அதே பாதையில் பழைய கார்களை ஓட்டப்போகிறார்களாம்.

"அந்த ரோட்ட பிரதேச சபைக்காரங்க முன்கூட்டியே தார் போட்டுத் தருவாங்களாம். எழுத்துல குடுத்திருக்காங்க தங்கச்சி."

அம்மாக்கண்ணு கூடையைக் கீழே வைத்தாள். இவ்வளவு காலமாக யார் யாரிடமோ மனுக் கொடுத்தும் வராத தார், ஒரு பழைய படத்துக்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"எழுதிக்கங்க நானா. இது பச்சைக்கல் மேல்பிரிவு, பதினாலாம் நம்பர் மலை வளைவு. இந்தா தெரியுது பாருங்க போக்கு, தண்ணி போறதுக்குக் கல்லு வச்சுக் கட்டினது. மூணு கல்லு, நடுக்கல்லு மூளி. நான் தெனமும் அதுலதான் குந்தித் தேத்தண்ணி குடிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு பெரேரா மாத்தயா படத்தோடு வந்தார். அடிவாரத்தில் ஜீப்பை விட்டுவிட்டு மூன்று மைலும் மூச்சு வாங்க நடந்து ஏறினார். லயத்து ஜனம் முழுக்கப் பின்னால் வந்தது. வளைவில் நின்று படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அங்கேதான் வினை வந்தது.

எதிரே தெரிகிற மலைக்கு இந்தப் பக்கத்துச் சனங்கள் வைத்த பெயர் அண்ணன் தம்பி மலை. பெரிய முடி அண்ணன், சின்ன முடி தம்பி. பச்சைக்கல்லில் நின்று பார்த்தால் தம்பி இடது பக்கம், அண்ணன் வலது பக்கம். படத்திலோ அண்ணன் இடது பக்கம் நிமிர்ந்து நிற்கிறான். வளைவும் எதிர்ப்புறம் திரும்புகிறது. போக்கும் மறுபக்கத்தில் இருக்கிறது.

மலைக்கு அந்தப் புறத்தில் இருக்கும் தண்ணிமலைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் மட்டும்தான் அண்ணன் இடது பக்கம் வருவான். அங்கேயும் ஒரு வளைவு உண்டு, ஒரு போக்கு உண்டு. அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை யோகேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தான்.

"போக்கு எல்லாத் தோட்டத்துலயும் இருக்கும் அக்கா. நீங்க வேணும்னா அண்ணனையும் தம்பியையும் எடம் மாறி நிக்கச் சொல்லுங்களேன்" என்றான்.

சொந்த லயத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள். பெரேரா மாத்தயா மட்டும் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாகப் போட்டு இன்னொரு தரம் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு முடிவு சொல்வதாகச் சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஒரு வாரம் அம்மாக்கண்ணு பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போனால், "அம்மாக்கண்ணு, இன்னிக்கு அண்ணன் எந்தப் பக்கம்?" என்று கேலி. தண்ணிமலையில் யோகேஸ்வரன் வரவேற்புப் பதாகை எழுதக்கூடக் கொடுத்துவிட்டானாம். கேலியை அவள் பொறுத்துக்கொண்டாள். பாதை கைவிட்டுப் போகிறதே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தேத்தண்ணி நேரத்தில் போக்கில் உட்கார்ந்து மூளிக்கல்லைத் தடவிப் பார்ப்பாள். படத்தில் பார்த்த அதே மூளி. கல்லு பொய் சொல்லுமா, மலை பொய் சொல்லுமா? இரண்டும் சொல்லாது. அப்படியானால் எங்கேயோ கோளாறு இருக்கிறது. அது எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்த வாரம் அது ஒன்றுதான் என்று நல்லமுத்து பிற்பாடு சொன்னான்.

ஞாயிறு காலை, பெரேரா மாத்தயா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தாள். நானா படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார். சின்னப் படத்தில் கடுகு மாதிரி இருந்தவர்கள் இப்போது மனிதர்களாகத் தெரிந்தார்கள். வளைவுக்கு மேலே, வரப்பில், தலைப்பாகை கட்டிய ஏழு வேலையாட்கள் வரிசையாக நின்றார்கள். ஏழு பேரும் நெற்றிக்கு நேரே ஒரு கையைத் தூக்கியிருந்தார்கள்.

"வெயிலுக்குக் கண்ண மறைச்சுக்கிட்டு காரப் பாக்குறாங்க" என்றார் நானா.

"எங்க நானா வெயிலு? நெலத்துல நெழலே விழுகலயே. குனிஞ்சு நிக்கிறாங்க பாருங்க. இது சலாம். ரோட்டுல தொரை நிக்கிறாரு, இவங்க சலாம் வைக்கிறாங்க. எங்கப்பா இப்படித்தான் மம்முட்டியக் கீழ போட்டுட்டு நிப்பாரு."

சொல்லிவிட்டு எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஏழாவது ஆளிடம் வந்ததும், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?"

"நானா, ஏழு பேரும் பீச்சாங்கையால சலாம் வைக்கிறாங்க!"

நானாவும் படத்துக்குக் கிட்டே வந்தார்.

"தொரைக்கு யாராச்சும் பீச்சாங்கையால சலாம் வைப்பாங்களா? ஒருத்தன் வச்சாலே அன்னிக்கே பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்தவிட்டு வெரட்டியிருப்பாங்க. ஏழு பேரும் ஒண்ணா வைப்பாங்களா? இவங்க ஒழுங்காத்தான் வச்சிருக்காங்க. படந்தான் ஒழுங்கா இல்ல. கண்ணாடியில மூஞ்சியப் பாக்குற மாதிரி பக்கம் மாறிக் கெடக்கு!"

சரிபுதீன் நானா மெதுவாக உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். மேசை இழுப்பறையிலிருந்து கண்ணாடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மருந்து பூசிய பக்கம் மங்கலாக இருக்கும், மறுபக்கம் பளபளக்கும். முப்பத்தைந்து வருஷம் ஸ்டூடியோ நடத்துகிறவர், தகட்டைப் புரட்டி வைத்துப் படமெடுத்திருந்தார்.

"யா அல்லாஹ். டிரைவர் எடது பக்கம் இருக்கானேன்னு நானும் பாத்தேன் தங்கச்சி. வெளிநாட்டுலருந்து கொண்டுவந்த காருன்னு மாத்தயாவுக்கு ஒரு மணி நேரம் வெளக்கம் வேற சொன்னேன். நம்பராச்சும் காட்டிக் குடுத்திருக்கும். அது எட்டு! எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுத்தான்!"

கம்ப்யூட்டரில் படத்தை ஒரு தட்டுத் தட்டித் திருப்பினார். டிரைவர் வலது பக்கம் வந்து உட்கார்ந்தான். ஏழு பேரும் சோற்றுக் கையால் சலாம் வைத்தார்கள். தம்பி இடது பக்கம் போனான், அண்ணன் வலது பக்கம் வந்தான். பதினாலாம் நம்பர் மலை வளைவு, மூளிக்கல்லோடு, அம்மாக்கண்ணுவின் முகத்துக்கு நேரே நின்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அம்மாக்கண்ணுவுக்குப் பேச்சு வராத அந்தக் காட்சியைப் பார்த்த ஒரே மனிதர் சரிபுதீன் நானாதான். அதற்குச் சாட்சி இல்லாததால் யாரும் அவரை நம்புவதில்லை.

பெரேரா மாத்தயாவும் யோகேஸ்வரனும் வந்தபோது நானா தன் தப்பைத் தானே முதலில் சொன்னார். மாத்தயா திருப்பிய படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாக்கண்ணுவிடம், "நாங்க எல்லாம் காரப் பாத்தோம், நீங்க மனுசரப் பாத்தீங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். யோகேஸ்வரன் தலையைச் சொறிந்தான்.

"தோத்துட்டேன் அக்கா. பதாகையில தோட்டத்துப் பேர மட்டும் வெட்டிட்டு உங்களுக்கே அனுப்பிவிடுறேன்."

"அனுப்பு. வெட்ற எடத்துல கோணலா வெட்டிராத."

மார்ச் மாதம் தார் வந்தது. தார்ச்சட்டி கொதிக்கிற இடமெல்லாம் அம்மாக்கண்ணு நின்றாள். ஜல்லி குறைகிறது என்று அவள் சத்தம் போட்டதில் மேற்பார்வைக்காரர் இரண்டு தரம் ரோலரைத் திரும்ப ஓட்டச் சொன்னார். ஏப்ரலில் இருபத்தோரு பழைய கார்கள் வந்தன. லயத்துச் சனம் வரப்பில் ஏறி நின்று விசிலடித்தது. இரண்டு கார்கள் பாதி ஏற்றத்தில் மூச்சை விட்டுவிட்டு நின்றன, அவற்றை லயத்து ஆட்களே தள்ளிவிட்டார்கள். கோவில் தப்பு மேளம் ஒலித்தது. பெரேரா மாத்தயா அம்மாக்கண்ணுவைத் தன் காரில் ஏற்றி உச்சிவரைக்கும் கொண்டுபோனார். இறங்கியதும் அவள் சொன்ன ஒரே கருத்து, சீட்டு நன்றாக இல்லை என்பதுதான். யார் ஜெயித்தது என்று இன்றைக்கு மேல்பிரிவில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை கார்கள் எல்லாம் போய், லயம் பழையபடி அமைதியாக இருந்தது. அம்மாக்கண்ணு அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே எங்கேயோ ஒரு பாட்டு கேட்டது. டவுனில் மட்டும் கேட்கிற, பாண் ரொட்டி விற்கிற ஆட்டோவின் பாட்டு. மெயின் ரோட்டில் போகிறது என்று நினைத்தாள். பாட்டு தேய்ந்து போகவில்லை. கிட்டே வந்தது. வளைவு தாண்டி, கோவில் தாண்டி, இன்னும் கிட்டே வந்தது. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிள்ளைகள் பல் விளக்கிய நுரையோடு ஓடினார்கள். வேலாயி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

ஆட்டோ லயத்து முற்றத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த ரிஸ்கான் பின்கண்ணாடியைத் திறந்ததும் சுடச்சுடப் பாணும் சீனி தூவிய கிம்புலா பனிஸும் வாசம் அடித்தன. இந்த வாசம் இந்த முற்றத்துக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அம்மாக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கண் கலங்கியிருந்ததை அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

"ரெண்டு பாண் குடு தம்பி. நாளைக்கும் வருவியா?"

"ரோட்டுதான் வந்திருச்சே அம்மா" என்றான் ரிஸ்கான், பாணைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே. "இனி தெனமும் வருவேன்."