கையை விடச் சொல்லிப் பார்ப்பது

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் என் செல்போன் திரைக்குள் பல நாட்டு நர்சுகள் வந்து உட்காருவார்கள். மூளை, நரம்பு நோயாளிகளைப் பார்க்கிற செவிலியர்களுக்கென்று இருக்கும் ஒரு சர்வதேச அமைப்பின் கூட்டம் அது. ஒருவர் கையில் காலைக் காபி இருக்கும். இன்னொருவர் டியூட்டி முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இருப்பார். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேசத்தான் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தப்பாகப் பேசினால் திருத்தவும் வீட்டில் யாரும் கிடையாது. அதனால் கேட்க வேண்டியதை முதலில் காகிதத்தில் எழுதி, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, அப்புறம்தான் மைக்கைத் திறப்பேன். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். யாராவது ஒருவர் கவனித்து, பொறுங்கள், இந்தியாவிலிருந்து ஏதோ கேட்க வருகிறார் என்று நிறுத்துவார். அதற்காகவே அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நைனாவுக்கு இது பெரிய வேடிக்கை. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். முன்பு பிறத்தியார் நிலத்தில் நாற்று சுமந்தவர், இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டாலையில் லோடு ஏற்றுகிறார். ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தவர், "இது இன்னாடா, உங்க யூனியனா?" என்றார். அந்த மாதிரிதான் என்றேன். ஸ்டிரைக் பண்ணுவீர்களா என்று கேட்டார். பண்ண மாட்டோம் என்றதும், "அப்பறம் இன்னாத்துக்கு யூனியன்" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா, "அவங்களாவது பேசிக்கினு கீறாங்க, உங்க யூனியன்ல டீதான குடிச்சீங்க" என்றாள்.

அந்தக் கூட்டங்களில் ஒன்றில்தான், நோயாளிக்கு நினைவு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பதைப் பற்றி ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் பேசினார். நாமெல்லாம் நோயாளியின் உள்ளங்கையில் விரலை வைத்து, பிடி என்கிறோம். பிடித்தால், சொன்னதைச் செய்கிறார் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் பிறந்த குழந்தையும் பிடிக்கும். அது அனிச்சை. மூளையின் முன்பகுதி அடிபட்டால் அந்தப் பழைய அனிச்சை பெரியவர்களுக்கும் திரும்பி வந்துவிடும். உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் மூடிக்கொள்ளும். அதனால் பிடிக்கச் சொல்லாதீர்கள், பிடித்த கையை விடச் சொல்லுங்கள் என்றார். சொன்னதும் விட்டால்தான் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். மறுநாளே எங்கள் வார்டில் எல்லாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். புதிதாக ஒன்று தெரிந்துகொண்ட சந்தோஷம், வேறொன்றுமில்லை.

அம்மா சிப்காட்டிலேயே வேறொரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். காலை ஷிப்ட். சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸ் கழுவப் போனவள் குழாயடியில் சாய்ந்துவிட்டாள். பிரஷர் மாத்திரையை வாரக்கணக்கில் போடாமல் விட்டிருக்கிறாள் என்பது அப்புறம் தெரிந்தது. கம்பெனி வண்டியிலேயே நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதி முழுக்க ரத்தம். ஸ்கேனை என்னிடம் காட்டும்போது டெக்னீஷியன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் நடந்தது. உயிர் நின்றது. சில நாளில் கண்ணைத் திறந்தாள். ஆனால் அந்தக் கண் யார் பின்னாலும் போகவில்லை. கூரையைப் பார்த்தபடியே இருந்தது.

நைனா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் முதல் நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அம்மாவின் வலது கைக்குள் தன் கையை வைத்தார். அம்மாவின் விரல்கள் மூடிக்கொண்டன.

நான் மருந்து ட்ரேயோடு வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. "தே, பாரு. வுட மாட்றா. என் கைனு தெரிஞ்சிப் போச்சு அவளுக்கு" என்றார். நான் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. என் வேலையே அதுதானே. சலைன் சொட்டுகிற வேகத்தைச் சரிசெய்தேன்.

அன்றிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். கேன்டீன்காரரிடம் சொன்னார். வாசல் செக்யூரிட்டியிடம் சொன்னார். பக்கத்துக் கட்டில் பெரியவரின் மகள் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்தாள், அவளிடம் தினமும் சொன்னார். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறாள் என்று உள்ளங்கையில் பதிந்த நகத் தடத்தைக் காட்டினார். அந்தப் பெண்ணும், "குடுத்து வெச்ச மனுசன் மாமா நீ" என்று கிண்டல் செய்தாள். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

பெரிய டாக்டர் ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மண்டைக்குள் நீர் தேங்குகிறது, அதை வடிக்க இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்றார். உள்ளே கொஞ்சமாவது நினைவு இருந்தால் அதனால் பலன் கிடைக்கும். இல்லையென்றால் அம்மாவை இன்னொரு முறை வதைப்பதுதான் மிச்சம், வீட்டுக்குக் கொண்டுபோய் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிறார்களா என்பதுதான் கேள்வி. தான் பார்த்தவரை இல்லை என்றார். நைனா உடனே, இருக்கிறது சார், என் கையைப் பிடிக்கிறாள், நீங்க பண்ணுங்க என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நீங்க நியூரோ ஸ்டாஃப், உங்களுக்குத் தெரியும் பிரதர், இரண்டு நாள் பார்த்துச் சொல்லுங்க என்று முடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அந்த நர்சுகள் அமைப்பின் இணையப் பக்கத்தில் எழுதினேன். என் அம்மா என்று எழுதவில்லை. ஒரு பெண் நோயாளி, முன்மூளையில் ரத்தக்கசிவு, கண் திறக்கிறார், வலது கை பிடிக்கிறது, விடச் சொன்னால் விடவில்லை, கணவர் அதை நினைவு என்று நம்புகிறார் என்றுதான் எழுதினேன். நான் தப்பாகப் பார்க்கிறேன் என்று யாராவது ஒருவர் சொல்லமாட்டாரா என்றிருந்தது.

டியூட்டி முடிவதற்குள் பதில்கள் வந்திருந்தன. உடம்பு துடைத்துவிட்டு, தலைப்பக்கம் உயர்த்தி, காலையும் மாலையும் பாருங்கள் என்றார் பிலிப்பைன்ஸ்காரர். அயர்லாந்திலிருந்து ஒருவர் எழுதியதுதான் என்னை உலுக்கியது. உங்கள் ஆஸ்பத்திரிக் குரலில் சொல்லாதீர்கள், அந்த அம்மா வீட்டில் தினமும் கேட்ட குரல் யாருடையதோ அவரைச் சொல்லச் சொல்லுங்கள், வீட்டில் பேசுகிற மாதிரியே என்று எழுதியிருந்தார். அப்போதுதான் உறைத்தது. என்னைப் பெற்றவளிடம் நான் இத்தனை நாளும், எல்லா நோயாளியிடமும் சொல்கிற மாதிரி, "கைய விடுங்கம்மா, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் ஜென்மத்தில் அவளை வாங்க போங்க என்று பேசியதில்லை. என்னவென்று அவளுக்கு விளங்கியிருக்கும்?

போனை வைத்துவிட்டு அம்மாவின் கட்டிலுக்குப் போய், "எம்மா, கைய வுடும்மா, நான்தாம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். பிடி அப்படியே இருந்தது.

நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பிடிப்பது தானாக வரும், நீ விடச் சொல்லி அவள் விட்டால்தான் டாக்டர் ஒத்துக்கொள்வார் என்றேன். அவர் என்னை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவனைப் போலப் பார்த்தார்.

"கண்ணாலம் ஆயி இத்தினி வருசத்துல இப்பதான் கைய புடிச்சிக்கீறா. அத்தப் போய் வுடுன்னு சொல்லச் சொல்றியா?"

"ஒரு தபா சொல்லு நைனா. எங்க குரூப்ல எல்லாரும் அப்டித்தான் பாக்கச் சொல்றாங்க."

"உன் யூனியன்காரங்களையே வந்து சொல்லச் சொல்லு."

எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். அதற்கு மேல் அன்று நானும் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் அவராகவே வந்தார். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் அம்மாவின் உடம்பைத் துடைத்து, தலையை வாரி, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து கையைக் கொடுத்தார். விரல்கள் மூடின. பிறகு, வீட்டு வாசலில் நின்று சொல்கிற அதே அவசரத்தில் சொன்னார்:

"இந்தா, கைய வுடு. ஷிப்டுக்கு நேரமாவுது."

விடவில்லை. இன்னொரு முறை சொல்லிவிட்டுக் கையை மெதுவாக இழுத்தார். பிடி இன்னும் இறுகியது. நைனா என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயில் சிரிப்பு. "பாத்தியாடா? போவாதன்றா" என்றார். பக்கத்துக் கட்டில் பெண்ணும் சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

இழுத்தால் இறுகும். அந்த அனிச்சையின் குணமே அது. அது எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் தெரியாமல் இருந்திருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். கண்ணை மூடச் சொன்னேன், நாக்கை நீட்டச் சொன்னேன், காலை அசைக்கச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. நைனா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்ட்டில், 'சொன்னதைச் செய்யவில்லை' என்று எழுதினேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாயந்திரம் அவர் முகம் கழுவப் போனார். அந்த நேரத்தில் டியூட்டி சிஸ்டர் வந்து, அம்மாவின் நகம் உள்ளங்கையில் குத்துகிறதே என்று பேண்டேஜ் துணியை உருளையாகச் சுருட்டிக் கைக்குள் வைத்துவிட்டுப் போனார். இப்படிப்பட்ட நோயாளிகள் எல்லோருக்கும் செய்வதுதான். நான் அடுத்த கட்டில் நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நைனா அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் தண்ணீர்கூடத் துடைக்கவில்லை. அம்மா அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது.

நைனா துணியின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். பிடி இறுகியது. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"இத்தயும் இப்டித்தான் புடிப்பாளா?" என்றார்.

"ஆமா நைனா."

"எத்த வெச்சாலுமா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். பிறகு, இதை எப்படி எடுப்பது என்று கேட்டார். கையின் மேல்பக்கம், மணிக்கட்டிலிருந்து விரல் வரை தடவிக் கொடுத்தால் பிடி தளரும் என்று செய்து காட்டினேன். அவர் தடவினார். விரல்கள் மெல்லத் திறந்தன. துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். காலியான அந்த உள்ளங்கையில் தன் கையை வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன.

"துணி இன்னாத்துக்கு? நான்தான் சும்மா குந்திக்கினு கீறேனே" என்றார்.

மறுநாள் காலை டாக்டரிடம் அவரே பேசினார். இன்னொரு தடவை கத்தி வேண்டாம் சார், ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன் என்றார். டாக்டர் என்னைப் பார்க்க, நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டில் அம்மாவை ஜன்னலோரம் படுக்கவைத்தோம். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி, புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது எல்லாம் என் பொறுப்பு. அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் அயர்லாந்துக்காரர் நினைவு வைத்துக்கொண்டு கேட்டார், அந்தப் பெண்மணி என்ன ஆனார் என்று. இதற்கு நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. மைக்கைத் திறந்து, அவர் என் தாய், இப்போது என் பின்னால் இருக்கும் படுக்கையில் இருக்கிறார் என்றேன். இலக்கணம் சரியா தப்பா என்று தெரியாது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். பிலிப்பைன்ஸ்காரர், அம்மாவுக்கு முதுகில் புண் வராமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றார். எங்களுக்குள் அதுதான் ஆறுதல் சொல்கிற விதம்.

தை பிறந்து சில நாளில் காய்ச்சல் வந்து அம்மா போய்விட்டாள். அதுவரை நைனாவும் நானும் முறை வைத்துக்கொண்டோம். அவர் ஷிப்டுக்குப் போகும் நேரம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவேன். அவர் அம்மாவின் கையைத் தடவித் தன் கையை எடுப்பார், நான் என் கையைக் கொடுப்பேன். ஒருநாள் நான் செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவிவர நேரமாகிவிட்டது. உள்ளே வந்தபோது நைனா சட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அம்மாவின் விரல்கள் போர்வை மேல் அப்படியும் இப்படியும் துழாவிக்கொண்டிருந்தன.

"பாரு, தேடறா" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் அவரே, "தெரியும்டா, தெரியும். நீ சீக்கிரம் கைய குடு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.