பிற்பகல் மூன்று மணி ஆராதனை

போன வருஷம் மழை விட்ட சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சர்ச் கேட்டருகே ஆறேழு பெண்கள் நின்றிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இருப்பதில் நல்ல உடுப்பாக உடுத்தியிருந்தார்கள். உள்ளே வரத் தயக்கம். அவர்களில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி என்னிடம் வந்து இந்தியில் பேசினாள். தாங்கள் ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கத்துக்காரர்கள் என்றும், ராபர்ட்சன்பேட்டைக்கு வெளியே உள்ள தையல் கம்பெனியில் வேலை என்றும், தாங்களும் கிறிஸ்தவர்கள்தான் என்றும் சொன்னாள். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு சர்ச் காலியாகத்தானே இருக்கிறது, ஒரு மணி நேரம் தங்கள் மொழியில் ஜெபம் செய்துகொள்ள இடம் தருவீர்களா என்று கேட்டாள்.

நான் சபைக் கமிட்டியில் இருக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயம் என்று நினைத்து, "தாராளமா" என்று சொல்லிவிட்டேன். என் வாயை அப்போதே யாராவது தைத்திருக்க வேண்டும்.

நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். விடியற்காலை ரயிலைப் பிடித்தால் இருட்டின பிறகுதான் நந்திதுர்க் பகுதியில் உள்ள என் வீட்டுக்குத் திரும்புவது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. அந்த வேலையால் என் இந்தி ஏதோ ஓடும். கமிட்டியில் இந்தி பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அன்று முதல் அந்தப் பெண்களின் வக்கீல் வேலையும் என் தலையில் விழுந்தது.

கமிட்டிச் செயலாளர் என் சொந்த அண்ணன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஆபரேட்டராக இருந்தவர். சுரங்கம் மூடியதும் வேலை போனது. ஆட்களைக் கீழே இறக்குவதும் மேலே ஏற்றுவதும் தன் கையில் இருந்ததாலோ என்னவோ, யார் எங்கே நுழையலாம் என்று முடிவு செய்வதில் அவருக்கு இன்னும் ஆசை விடவில்லை.

"நாமளும் அவங்களும் ஒண்ணாமா?" என்றார் முதல் கூட்டத்தில். "நாம இங்க நாலு தலமுறையா கீறோம். இந்த சர்ச்சுக்குக் கல்லு தூக்கனது நம்ம தாத்தாங்க. இவங்க நேத்து பஸ்ஸுல எறங்கனவங்க. ரெண்டு வருசத்துல பொட்டி கட்டினு போயிடுவாங்க."

"ஒரு மணி நேரம்தானே கேக்கறாங்க. பட்டாவா கேட்டாங்க?"

"மொதல்ல ஒரு மணி நேரம்னுதான் ஆரம்பிப்பாங்க."

எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெண்கள் குடியிருப்பது இதே ஊரில் பாலகாட் பகுதியில், என் அண்ணனின் பழைய லைன் வீட்டில். எங்கள் அப்பாவுக்குச் சுரங்கம் கொடுத்த இரண்டு அறை வீடு அது. நம் ஆட்களிடம் கேட்கத் துணியாத வாடகையை அவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். அந்த வீடே இன்னும் எங்கள் பேருக்கு முழுசாக ஆகவில்லை. நான்கு தலைமுறை என்று மார் தட்டுகிறவரிடம் அதற்கு ஒழுங்கான பத்திரம் கிடையாது.

"வாடகை வாங்கறப்ப மட்டும் அவங்க சபை, பாஷை எதுவும் தெரியறதில்லயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டம் அதோடு கலைந்தது. என் அண்ணி மறுநாள் போன் செய்து, அவருக்கு பிரஷர் ஏறியதற்கு நான்தான் காரணம் என்றாள். மகன் பெங்களூரிலிருந்து ஒரு பைசா அனுப்புவதில்லை, அந்த வாடகையில்தான் மாத்திரை வாங்குகிறோம் என்றும் சொன்னாள். அது பொய்யில்லை.

அடுத்த கூட்டத்தில் ஒரு புதுக் கேள்வி முளைத்தது. அவர்கள் எந்தச் சபை, ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தானா, அவர்கள் ஊர் பாஸ்டரிடமிருந்து அத்தாட்சி வேண்டும். அடுத்த ஞாயிறு நான் பாலகாட்டுக்குப் போனேன். போன இடத்தில்தான் அவர்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்தேன்.

அந்த வீட்டில் நாங்கள் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று நெருக்கியடித்து வளர்ந்தோம். இப்போது அங்கே எட்டுப் பெண்கள். நாலு பேர் பகல் ஷிப்டு, நாலு பேர் ராத்திரி ஷிப்டு, பாய் மட்டும் காலியாவதே இல்லை. எங்கள் தாத்தாக்கள் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஏஜெண்டு பின்னால் வந்தவர்கள், இவர்களும் ஏஜெண்டு பின்னால் வந்தவர்கள்தான். ஆனால் எங்கள் ஆட்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். சுரங்கம் உயிரை வாங்கினாலும் ஆஸ்பத்திரி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. அதனால்தான் நான் படித்தேன். இவர்களின் பிள்ளைகள் ஊரில் பாட்டன் பாட்டியிடம் இருக்கிறார்கள், போனில் முகம் பார்க்கிறார்கள். அங்கே ஒரு சின்னப் பெண், தன் குழந்தை தன்னை 'அம்மா' என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

எனக்குள் இரக்கம் பொங்கிக்கொண்டிருந்தது. அப்போது சர்ச் கேட்டருகே என்னிடம் பேசிய அந்தப் பெண், அவள்தான் அவர்களுக்குத் தலைவி மாதிரி, தட்டில் அவலும் வெல்லமும் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஊர்ல நெலம் எவ்வளவு?"

"நெலமா? எங்களுக்கு ஏது நெலம்? நெலம் இல்லாமதான் எங்க தாத்தா இங்க வந்தார்."

"கொஞ்சம்கூடவா இல்ல?"

"ஒரு குழி கெடையாது."

அவள் அதை மற்றவர்களுக்குத் தன் மொழியில் சொன்னாள். எட்டுப் பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அவர்களில் ஒவ்வொருத்திக்கும் ஊரில் நெல் விளையும் நிலம் இருந்தது. மழை சரியாக இல்லை, கையில் காசு இல்லை, அதனால் வந்திருக்கிறார்கள். ஆனால் திரும்பிப் போக ஒரு வயலும் இலுப்பை மரமும் அங்கே இருக்கின்றன.

"அப்ப வயசானா எங்க போவீங்க?" என்றாள்.

"எங்கயும் போறதில்ல. இங்கதான்."

"இங்க வேலையே இல்லயே. தெனம் ரயில்ல போறீங்க, ரயில்ல வர்றீங்க. நாங்க வருசத்துக்கு ஒரு தடவதான் ரயில் ஏறறோம்."

அவள் குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே கவலைப்பட்டாள். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பெங்களூர் அலுவலகத்தில் "அது சரி, ஒரிஜினலா எந்த ஊர்?" என்று கேட்டு உயிரை எடுக்கிறார்கள். வேலூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எங்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இப்போது பாயை மாற்றி மாற்றிப் பங்கு போடுகிறவர்களும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். அவலைத் தின்றுவிட்டு, அத்தாட்சி விஷயத்தைச் சொல்லிவிட்டு, நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டே நாளில் அவள் ஊர் பாஸ்டரிடமிருந்து அத்தாட்சி போட்டோவாகப் போனில் வந்தது. கமிட்டி என் போனைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தது. முத்திரை தெளிவாக இல்லை என்றார் ஒருவர். இந்தியில் இருப்பதால் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படி நம்புவது என்றார் இன்னொருவர். நான் படித்துக் காட்டினேன். "நீ அவங்க கட்சிதானே" என்றார் அண்ணன்.

பிறகு மத்தளம். அவர்கள் ஊர்ப் பாட்டு மத்தளத்தோடு பாடுவது. சர்ச்சுக்குள் மத்தளமா என்று பெரிய கூச்சல். வாலிபர் சங்கத்துக்கு டிரம் செட் வாங்க அனுமதி கொடுத்ததே இதே கமிட்டிதான், அந்த வாலிபர்கள் எல்லோரும் பெங்களூருக்குப் போய்விட்டதால் அது மேல் துணி போர்த்திக் கிடக்கிறது என்றேன். அது வேறே என்றார்கள். அப்புறம், சர்ச் ஹாலில் பன்றிக்கறி ஆக்குவார்கள் என்று ஒரு அம்மாள் கவலைப்பட்டார்.

"நம்ம வீட்டுல கிறிஸ்மஸுக்கு இன்னா, கீரையா ஆக்கறோம்?" என்றேன்.

"நாம வீட்டுல ஆக்கறோம்மா" என்றார் அவர், நிதானமாக.

பாஸ்டர் இளவயசுக்காரர். மூன்று சபைகளை ஒரே ஸ்கூட்டரில் பார்த்துக்கொள்கிறார். யார் கடைசியாகப் பேசினாலும் அவர் பக்கம் தலையாட்டுவார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

கடைசியில் கமிட்டியிலேயே வயதான ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், மெதுவாக ஒன்று சொன்னார். அவர் சின்ன வயதில் வீட்டில் கேட்ட கதை. அந்தக் காலத்தில் இந்த சர்ச்சில் காலை ஆராதனை வெள்ளைக்காரர்களுக்கு, இங்கிலீஷில். தமிழ் ஆட்களுக்குப் பிற்பகல்தான். வெயிலில் வெளியே காத்திருந்து, அவர்கள் வண்டியேறிப் போன பிறகு உள்ளே போவார்களாம்.

சரி, இத்தோடு விவகாரம் தீர்ந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். என் அண்ணன் மேஜையைத் தட்டினார்.

"அதத்தான் நானும் சொல்றேன். நம்ம ஆளுங்க காத்துனு இருந்தாங்க. வந்த மொத வருசமே கேட்டு வாங்கல. இவங்களும் கொஞ்ச நாளு காத்துனு இருக்கட்டும்."

பாதிப் பேர் ஆமாம் என்று தலையசைத்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பேசினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். நாம் பட்டதை இன்னொருவர் படாமல் பார்த்துக்கொள்வது என்று ஒன்று இருப்பது இவர்களுக்குத் தோன்றவே தோன்றாதா? வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, காலை ரயிலுக்குச் சோறு வடித்தேன்.

இப்படியே கிறிஸ்மஸும் புத்தாண்டும் போய்விட்டன. அந்தப் பெண் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டருகே நின்று, "அக்கா, இந்த வாரம்?" என்பாள். நான் "அடுத்த வாரம்" என்பேன். அவள் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் சலித்துக்கொண்டேன்.

லெந்து என்கிற தவக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒருவழியாக அனுமதி கிடைத்தது. அண்ணன் வாசித்தார்: மூன்று மாதத்துக்கு மட்டும், மத்தளம் கூடாது, முடிந்ததும் பெருக்கிவிட்டுப் போக வேண்டும், கரண்டுக்கு அவர்களே கொடுக்க வேண்டும்.

முதல் ஞாயிறு நானும் போனேன். தையல் கம்பெனியிலிருந்தும் கோழிப்பண்ணையிலிருந்தும் பெண்களும் ஆண்களுமாக ஒரு கூட்டம் வந்திருந்தது. செருப்புகளை வெளியே வரிசையாக விட்டிருந்தார்கள். அன்று காற்று அதிகம், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து வந்த புழுதி பெஞ்சுகளில் படிந்திருந்தது. தங்கள் துப்பட்டாக்களால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மத்தளம் இல்லாததால் தொடையில் தட்டிப் பாடினார்கள். ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் வாங்கிக்கொள்ள, பாட்டு முடியவே முடியாது போல நீண்டு போயிற்று. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அந்தச் சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் அண்ணன் வந்தார். சோதனைக்குத்தான் வந்தார், சந்தேகமில்லை. பின்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார். எல்லோருக்கும் முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. ஒரு ஃபேன்கூட ஓடவில்லை.

"இன்னாமா இது, ஏன் ஃபேன் போடல?" என்று என் காதருகே சீறினார்.

"கரண்டுக்குக் காசு கேட்டீங்களே. பயந்துக்கினாங்க."

"போட வாணாம்னு யார் சொன்னா? வெந்து போறாங்க பார்."

சுவிட்ச் போர்டுக்குப் போய், இருந்த எல்லா ஃபேன்களையும் தட்டிவிட்டார். பாட்டு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அவர் அதே கோபத்தோடு வெளியே போய்விட்டார்.

அப்படி ஆறேழு ஞாயிறுகள்தான் நடந்தன. உயிர்த்தெழுதல் பண்டிகை கழிந்த வாரம், அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கம்பெனிக்கு ஆர்டர் இல்லை, தங்களைத் திருப்பூருக்கு மாற்றுகிறார்கள், நாளைக்கே பஸ் வருகிறது என்றாள். சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. இதற்கு முன்னால் ஓசூர், அதற்கு முன்னால் வேறு எங்கோ. நான்தான் படபடத்தேன்.

"இவ்வளவு நாள் அலைஞ்சு இடம் வாங்கினோமே?"

"வாங்கினோமில்ல அக்கா" என்றாள். "பண்டிகைக்குப் பாடிட்டோம்."

திருப்பூரில் இருந்து எப்போதாவது கூப்பிடுகிறாள். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். சர்ச் தேட நேரமில்லை என்கிறாள். ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறாள், நடவுக்கு. என் மூட்டு வலி எப்படி என்று மறக்காமல் கேட்பாள்.

பாலகாட் வீடு பூட்டிக் கிடக்கிறது. "சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க பார்" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுத்தான் போனார்கள், வீட்டைக் கழுவிவிட்டுத்தான் போனார்கள் என்று நானும் ஊரெல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறேன். வாடகை நின்றுபோனதால் மாத்திரைக்கு நான் கொடுக்கிறேன். அதை அவர் கமிட்டியில் சொல்வதில்லை.

கோழிப்பண்ணையிலும் ஆள் குறைந்து, மிச்சமிருக்கும் இரண்டு பெண்கள் மட்டும் இங்கேயே இருக்கிறார்கள். இரண்டு பேருக்காக மூன்று மணி ஆராதனை நடக்காது. ஆகவே காலையில் எங்களோடு வருகிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் முழுக்க ஒன்றும் புரியாமல் கேட்கிறார்கள். போன ஞாயிறு அண்ணன் நேராக அவர்களிடம் போய், ஆளுக்கொரு தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"அவங்களுக்குத் தமிழ் படிக்க வராதுண்ணா" என்றேன்.

"தெரியும். சும்மா கை வீசினு நின்னா நல்லாவா கீது? கையில வெச்சினு நிக்கட்டும்."

இரண்டு பெண்களும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தலைகீழாகப் பிடித்திருந்தாள். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே அதை வாங்கி நேராக்கி, அன்றைய பாட்டின் பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, முன் பெஞ்சுக்குப் போனார்.