பிடியில்லாத சவரக்கத்தி

என் பெட்டியில் ஒரு சவரக்கத்தி இருக்கிறது. அதற்குப் பிடி கிடையாது. எஃகு அலகும், பிடியில் மாட்டும் அதன் வாலும் மட்டும்தான். வாலில் சுற்றிய வெள்ளைத் துணி காலப்போக்கில் பழுப்பாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் இதை உடைந்த கத்தி என்கிறார்கள். உடைந்ததல்ல, உடைத்தது. என் அக்காவின் கணவர் ஒரு விஜயதசமி காலையில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, தம் கையாலேயே உடைத்தார். அதை நினைத்தால் எண்பது தாண்டிய இந்த உடம்பில் இன்றும் இரத்தம் வேகமாக ஓடுகிறது.

மைசூரில் மகாராஜா ஆட்சி நடந்த காலம். கொள்ளேகாலிலிருந்து வந்து தேவராஜ மொஹல்லாவில் மச்சான் சவரக்கடை போட்டிருந்தார். இரண்டு நாற்காலி, ஒன்று அவருக்கு, மற்றொன்று எனக்கு. எதையும் நிதானமாகச் செய்யத் தெரியாத மனிதர். ஒரு யோசனை வந்துவிட்டால் சோப்பு நுரையோடு வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு என் நாற்காலிக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். அந்த வருஷம் தசராவுக்கென்று ஆறு சீமைக்கத்திகள் வாங்கியிருந்தார். தேன் நிறத்தில் பளபளக்கும் பிடிகள். ஆமையோட்டுப் பிடி என்று எல்லோரிடமும் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டார். அந்தப் பெருமையில் பழைய கத்திகளை எல்லாம் ஊர்க்காரர் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். வேறு ஏதோ கடையில் சவரம் செய்துகொண்ட சிலருக்கு முகமெல்லாம் சிரங்கு பிடித்திருந்ததாம். இனி ஒரு முகத்தில் பட்ட கத்தி வெந்நீரில் கொதிக்காமல் அடுத்த முகத்தில் படக்கூடாது, ஆளுக்கொரு துவைத்த துண்டு, விஜயதசமி அன்று காலை வந்து பார்ப்பேன், இல்லையென்றால் அப்போதே கடைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. கொதிக்க வைத்தால் கத்தி மழுங்கிவிடும் என்று வாதாடினேன். மச்சானுக்கோ குஷி பிறந்துவிட்டது.

“தோல்வாரில தீட்டிப்போட்டு அப்பறம் கொதிக்க வெப்போம் மாப்ளே. பானைக்குள்ள அடியில துணி போட்டா முனை முட்டாது. பாரு, நம்ம கடைதான் மைசூருக்கே மொதக் கடை!”

ஆயுத பூஜையன்று ஆறு கத்திகளையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன் வைத்தோம். அன்று கத்தியைத் தொடக்கூடாது என்பதால் கொதிக்க வைத்துப் பார்க்கவும் வழியில்லை. மறுநாள் விடிந்ததும் கடை வாசலில் கூட்டம். முதல் ஆள் அரண்மனை பேண்டில் ஊதுகொம்பு வாசிப்பவர். “பதினொரு மணிக்கு அரமனைல நிக்கணும்ப்பா, பேகா, சீக்கிரம் ஆகட்டும். தாடியோட போனா வரிசையில இருந்தே தள்ளிடுவாங்க” என்று அவசரப்படுத்தினார். மச்சான் ஆறு கத்திகளையும் தீட்டிப் பானைக்குள் இறக்கினார். சற்று நேரத்தில் கடை முழுக்கக் கற்பூரம் மணத்தது. நேற்றைய பூஜையின் வாசனைதான் இன்னும் போகவில்லை என்று நினைத்தோம். மச்சான் கண்ணை மூடிக் கும்பிட்டே விட்டார். “சாமி நம்ம கூடத்தான் இருக்குது மாப்ளே!”

இடுக்கியால் கத்திகளைத் தூக்கியபோதுதான் சாமி எங்கே போயிற்று என்று தெரிந்தது. ஆறு பிடிகளும் வெயிலில் போட்ட வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்து தொங்கின. அது ஆமையோடு அல்ல, செல்லுலாய்டு. அதைச் செய்வதே கற்பூரம் கலந்துதான் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். வேறு கத்தி இல்லை. ஊதுகொம்புக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைக்குப் பூட்டு நிச்சயம் என்று நினைத்தேன்.

மச்சான் இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு சுத்தியலை எடுத்துப் பிடிகளின் ஆணிகளைத் தட்டி உடைத்தார். துவைத்த துண்டைக் கிழித்துப் பானையில் முக்கிப் பிழிந்து, அலகின் வாலில் இறுக்கிச் சுற்றினார். ஒருவரும் நாற்காலியில் உட்கார முன்வரவில்லை. அவரே போய் உட்கார்ந்து, கழுத்தை நீட்டினார்.

“எனக்குப் போடு மாப்ளே.”

பிடியில்லாத கத்தியை நான் வாழ்நாளில் பிடித்ததில்லை. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து போயிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு காதோரத்தில் வைத்து இழுத்தேன். வெண்ணெயில் போவது போலப் போயிற்று! மழுங்கிவிடும் என்று நான் போட்ட சண்டையெல்லாம் அந்த ஒரே இழுப்பில் முடிந்தது. தொண்டைக்குழிக்கு வந்தபோது வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றார். “ஏனப்பா இது, ஹிடி எல்லி?” என்று பிடி எங்கே எனக் கன்னடத்தில் கேட்டார். மச்சான் நுரையோடு, மற்ற அலகுகள் மறுபடி கொதித்துக்கொண்டிருந்த பானையைக் கை காட்டினார். இன்ஸ்பெக்டர் இடுக்கியால் ஓர் அலகைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள இடுக்கில்தான் அழுக்கும் சீழும் தங்கும், அந்த இடுக்கையே ஒழித்துவிட்டீர்களே, இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். மச்சான் கொஞ்சமும் கூசாமல், “நாங்களே ரோசன பண்ணுனதுங்க” என்றார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று ஆறு அலகுகளும் கொதித்து இறங்கி, முகத்துக்குப் போய், மறுபடி கொதித்தன. கை ஓயவில்லை, வாயும் ஓயவில்லை. பிற்பகல் ஊர்வலத்தில் யானைகளுக்கு முன்னே பேண்டு வந்தபோது நானும் மச்சானும் கூட்டத்தில் முண்டியடித்து நின்றோம். ஊதுகொம்புக்காரர் எங்களைக் கண்டதும் வழவழத்த கன்னத்தை ஒரு தடவை தடவிக் காட்டினார். மச்சான் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

போன மாதம் பேரன் கூட்டிப்போன சலூனில் சவரம் செய்கிற பையன் புது பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் மாட்டினான். என் முகம் முடிந்ததும் அதைக் குப்பையில் போட்டான். அங்கே பிடி நிற்கிறது, அலகு போகிறது. எங்களுக்குப் பிடி போய் அலகு நின்றது. மச்சான் பார்த்திருந்தால் பாதி நுரையோடு எழுந்து அவனைக் கட்டிக்கொண்டிருப்பார்.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் இந்தக் கத்தியைச் சாமி முன் வைக்கிறேன். மருமகள் கற்பூரம் ஏற்றியதும் அந்த வாசனையில் எனக்குப் பகீரென்கிறது. அன்று தொடக்கூடாது என்று தெரிந்தும் கத்தியைச் சட்டென்று தூக்கிப் பார்த்துவிடுகிறேன்.